படத்தில் விழாத கை

பட்டுச் சேலைக்கு வெட்டவெளியில் படம் எடுப்பது பார்க்கத்தான் சுலபம், சகோதரிகளே! காஞ்சிபுரத்தில் பார்த்தேன். உச்சி வெயிலில் ஜரிகை வெளுத்து, பூ வேலையையே விழுங்கிவிடுகிறது. அதனால் மாடல் பெண் நிழலில் காத்திருக்கிறாள். வெயில் சாய்ந்தால்தான் படம். 8-ஆம் நூற்றாண்டில் ராஜசிம்ம பல்லவன் எழுப்பிய கைலாசநாதர் கோயிலின் மணற்கல்லும் அந்த வேளையில்தான் பொன்னாகிறது.

படம் வந்ததும் முகத்தைப் பார்க்கிறோம், முந்தானையைப் பார்க்கிறோம். உடலும் கரையும் சேரும் இடத்தைப் பார்க்கிறோமா? கோர்வைச் சேலையின் உயிரே அங்கேதான். மூன்று நாடா ஓட, நெசவாளருக்குத் துணையாக இன்னொருவர் தறியில் உட்கார்ந்து இழைக்கு இழை பிணைக்க வேண்டும். பல வீடுகளில் அது மனைவியின் கை. எந்த விளம்பரப் படத்திலும் அவள் இல்லை!

அடுத்த முறை கடையில் சேலையைத் திருப்பி, அந்தப் பிணைப்பைப் பாருங்கள். பிறகு விலை பேசுங்கள்.