30-க்குச் சாதி கிடையாது

பௌர்ணமி இரவில் திருவண்ணாமலையின் 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் லட்சக்கணக்கானோர் நடக்கிறார்கள். அவர்களுக்காகப் போலீஸ் தடுப்பு வைக்கிறது, பேருந்துகள் தற்காலிக நிலையங்களில் நிறுத்தப்படுகின்றன. நல்ல ஏற்பாடுதான். ஆனால் நெரிசலுக்குத் தப்ப நினைக்கும் வேன்களும் கார்களும் சந்து தேடி எங்கள் காலனிக்குள் நுழைகின்றன.

எங்களுக்குத் தெருதான் முற்றம். பாத்திரம் கழுவுவது, பிள்ளைகள் விளையாடுவது, பாட்டிகள் கட்டில் போட்டுப் படுப்பது எல்லாம் அங்கேதான். வாசற்படியிலிருந்து ஓரடி வைத்தால் தார்ச்சாலை. பௌர்ணமி வந்தால் பிள்ளைகளை உள்ளே வைத்துப் பூட்டுகிறோம்.

ஊர்த்தெருவில் கதை வேறு. எங்கள் அப்பாக்கள் அங்கே சைக்கிளை விட்டு இறங்கித் தள்ளிக்கொண்டு போனவர்கள். நாம் பொது இடத்தில் சைக்கிளோ மோட்டார் சைக்கிளோ ஓட்டுவதைத் தடுப்பது குற்றம் என்று வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 2015 திருத்தத்தில் தனியாக எழுத வேண்டியிருந்தது. இன்றும் 'உங்க பையன் வேகமா போனான்' என்று தொடங்கும் தகராறு காலனிக்குள் வந்து முடிகிறது. அங்கே நம் வேகம் திமிர். இங்கே அவர்கள் வேகம் வெறும் அவசரம்.

நம் பையன்களும் முறுக்குகிறார்கள் என்பதை மறைக்க வேண்டாம். வேகம் இரண்டு மடங்கானால், பிரேக் பிடித்து வண்டி நிற்கும் தூரம் நான்கு மடங்காகும். யார் வண்டியானாலும் கணக்கு ஒன்றுதான். எனவே யார் மெதுவாகப் போவது என்பதை ஊர்ப் பெரியவர்கள் முடிவு செய்யக் கூடாது. சட்டம் ஓர் எண்ணால் சொல்ல வேண்டும். சென்னைப் போக்குவரத்துப் போலீஸ் 2023 நவம்பரில் குடியிருப்புப் பகுதிகளில் எல்லா வாகனங்களுக்கும் 30 கி.மீ. என்று வரம்பு வைத்தது. ஸ்பெயினில் 2021 மே முதல், திசைக்கு ஒரு தடம் மட்டுமுள்ள நகரத் தெருக்களில் அதே 30தான். அந்த எண்ணுக்குச் சாதி கிடையாது.

பலகை மட்டும் வண்டியை நிறுத்தாது, வேகத்தடை வேண்டும். மனு கொடுத்தோம். ஓர் அலுவலகம் இன்னோர் அலுவலகத்தைக் கை காட்டியது. அலைந்து கற்றதைச் சொல்கிறோம். சாலை மாநகராட்சியுடையதா, ஊராட்சியுடையதா, நெடுஞ்சாலைத் துறையுடையதா என்று முதலில் தகவல் உரிமைச் சட்டத்தில் எழுதிக் கேளுங்கள். பிறகு திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் மனு கொடுத்து, ரசீது வாங்குங்கள். அளவையும் மனுவிலேயே எழுதுங்கள்: இந்தியச் சாலைக் காங்கிரஸின் வழிகாட்டுதல்படி வளைந்த மேடு 3.7 மீட்டர் அகலம், 10 செ.மீ. உயரம், வெள்ளைப் பட்டையும் எச்சரிக்கைப் பலகையும் அவசியம். இல்லையென்றால் குறுக்கே ஒரு தார்க்குவியலைக் கொட்டிவிட்டுப் போவார்கள். இருட்டில் அதில் விழுவதும் நம் ஆட்களாகவே இருப்பார்கள்.

இது சின்ன விஷயம் என்று நினைக்காதீர்கள். 1924இல் வைக்கத்தில் கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் நடப்பதற்காகத்தான் போராட்டம் நடந்தது. பெரியார் அதற்காகச் சிறை சென்றார். தெருவில் நடக்கும் உரிமை என்றால், நடந்து உயிரோடு வீடு திரும்பும் உரிமையும் சேர்த்துத்தான்.

பௌர்ணமிக்குப் பௌர்ணமி நடப்பவர்களுக்காக வண்டிகளை நிறுத்தத் தெரிந்த நிர்வாகம் இது. எங்கள் பிள்ளைகளுக்காக மற்ற நாட்களிலும் வேகத்தைக் குறைக்க அதற்குத் தெரியாதா? வரும் திங்கட்கிழமை இதைத்தான் கேட்கப் போகிறோம்.

ஜெய் பீம்.