தேய்ந்ததும் பதியாததும்

ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் தலை பொறித்த வெள்ளி ரூபாயைக் கையில் எடுத்து அதன் தரம் இன்னதென்று நிர்ணயிக்க முற்படுகிறவன், முதற்காரியமாக அதன் விலையை மறந்துவிட வேண்டும் என்பதே இத்தொழிலில் நான் கைக்கொண்டுவரும் பிரதான நியமம். விலை மனத்தில் புகுந்துவிட்டால், வாங்குகிறவன் கண்ணுக்கு நாணயம் தேய்ந்ததாகவும், விற்கிறவன் கண்ணுக்கு அதுவே புத்தம் புதியதாகவும் தோன்றத் தொடங்கிவிடும்.

பன்னிரண்டில் பதினோரு பங்கு வெள்ளி சேர்த்து, ஒரு தோலா, அதாவது 11.66 கிராம் எடையில், கல்கத்தாவிலும் பம்பாயிலும் அடிக்கப்பட்ட அந்த ரூபாயில், கைபட்டுத் தேயும் இடங்கள் மேடான இடங்களே. கிரீடம், புருவம், கன்னம், காது இவற்றைப் பார்த்துவிட்டு, மார்பின்மேல் தொங்கும் விருதுச் சங்கிலியிலுள்ள சின்னஞ்சிறு யானையிடம் வந்து நான் நெடுநேரம் நிற்பது வழக்கம். 1911-ஆம் ஆண்டு ரூபாயில் இந்த யானையின் துதிக்கை குறுகிப் பன்றிபோல் தோன்றுகிறதென்று முஸ்லிம்களிடையே ஆட்சேபம் எழுந்ததால், 1912-இல் அவ்வுருவம் திருத்தப்பட்டது. இந்தச் சரித்திரம் அறியாதவர், 1911-ஆம் ஆண்டுக் காசில் துதிக்கையைக் காணோமென்று அதனைத் தேய்மானக் கணக்கில் சேர்த்துவிடக் கூடும். அது அந்தக் காசுக்குச் செய்யும் அநீதி.

உண்மையில் இக்கலையின் சூட்சுமம் முழுவதும் அங்கேதான் இருக்கிறது. புழக்கத்தில் தேய்ந்து மறைந்த ரேகை வேறு, அச்சு அழுந்தாமையால் பிறவியிலேயே பதியாத ரேகை வேறு. பூதக்கண்ணாடியில் இரண்டும் ஒன்றேபோல் வழுவழுப்பாகத் தெரியும். இவற்றைப் பிரித்துக் காட்டுவது ஒளி ஒன்றே. மற்ற விளக்குகளை அணைத்துவிட்டு, ஒற்றை விளக்கின் கீழ், விளிம்பில் பிடித்த நாணயத்தை மெல்லச் சாய்த்துச் சுழற்றினால், அடிபட்டபோது உலோகம் வெளிநோக்கிப் பரவிய நுண்ணிய கோடுகளின்மேல் ஒளி விழுந்து, தேர்ச்சக்கரத்தின் ஆரங்கள்போல் சுற்றிவரும். அந்த ஒளி மேட்டின்மீதும் தடைபடாமல் ஓடினால் அங்கே அச்சுத்தான் குறை. மேட்டில் வந்து அறுந்து, மங்கிய சாம்பல் நிறம் காட்டினால் அது தேய்மானம் என்று தீர்மானிக்கலாம்.

தேய்மானத்தை நான் ஒருபோதும் குற்றமாகக் கருதியதில்லை. சந்தையிலும் சுருக்குப் பையிலும் உழைத்ததன் அடையாளம் அது. ஆனால் புளியும் சாம்பலும் இட்டுத் தேய்த்த காசைக் காணும்போது மனம் பதைக்கிறது. வெள்ளியின்மேல் படிந்த கருமை, காற்றிலுள்ள கந்தகத்தோடு வெள்ளியே கலந்து உண்டான படலமாதலால், அதை நீக்குகிறவர் வெள்ளியின் மேற்பரப்பையும் சிறிது நீக்கிவிடுகிறார். எஞ்சுவது ஒரே திக்கில் ஓடும் கீறல்களும், ஆழமற்ற வெளுப்புமே. ஆபரணமாக அணியப்பட்ட காசாயின், தலைக்கு நேர்மேலே விளிம்பில் பற்றாசின் சுவடு இருக்கிறதா என்றும் பார்த்துவிட வேண்டும்.

அமெரிக்கரான வில்லியம் ஷெல்டன் பழைய அமெரிக்கச் செம்புக் காசுகளுக்காக 1949-இல் வெளியிட்ட 1 முதல் 70 வரையிலான அளவுகோலே இன்று எல்லா நாட்டு நாணயங்களுக்கும் பிரயோகிக்கப்படுகிறது. விலை விகிதத்தை ஆதாரமாகக் கொண்டு பிறந்தது அது என்பதனாலேயே, ஃபைன், வெரி ஃபைன் என்று சொல்லால் தரத்தை முடிவுசெய்த பின்பே நான் எண்ணை நாடுகிறேன்.

பாட்டனார் பெட்டியில் கறுத்துக் கிடக்கும் ரூபாய் எவரிடமேனும் இருக்குமாயின், அவரிடம் என் விண்ணப்பம் ஒன்றே: அதைத் துலக்காதீர்கள், விளிம்பில் பிடித்து, அப்படியே கொண்டுவந்து காட்டுங்கள்.