ஒரு பிடி மணல்

ஐந்து வயது மகளுடன் தண்ணீரூற்றிலிருந்து வடமராட்சி கிழக்கின் மணற்காட்டுக்குச் சென்றோம். சவுக்கங்காட்டுக்கு அப்பால் பாலையென விரியும் மணற்குன்றுகள். நடுவே கூரையற்றுச் சிதைந்த பழைய அந்தோனியார் கோவில். 2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை பல உயிர்களைக் குடித்த கரையும் இதுவே.

“அப்பா, இஞ்சை தண்ணி ஊறாதோ?”

“மணலுக்குக் கீழை இருக்கு, பிள்ளை.”

மழைநீர் மணலில் வடிந்து, அடியிலுள்ள உவர்நீரின்மேல் நன்னீராகத் தங்குகிறது. அதுவே இக்கரையோரக் கிணறுகளின் உயிர். அம்மணலையோ பாரவூர்திகள் ஆண்டாண்டாக அள்ளிச் சென்றிருக்கின்றன. அள்ளுபவனுக்குக் கூலி, ஆதாயம் வேறொருவனுக்கு. வகுப்பில் வான்சிறப்புப் படிப்பிக்கும் நாமும், வீடு கட்டியபோது மணல் எங்கிருந்து வந்ததெனக் கேட்டோமா?

புறப்படுகையில் குழந்தை ஒரு பிடி மணலைச் சட்டைப்பையில் இட்டாள். “கொட்டிவிடு, பிள்ளை” என்று சொல்ல எமக்கு நா எழவில்லை.