வேண்டாதவற்றின் கணக்கு

தமிழ் படித்தவருக்கு லினக்ஸ் எதற்கு என்று கேட்கும் நண்பர்கள் உண்டு. சொல் சொல்லைச் சார்ந்து பொருள் தருவதைக் கற்பிப்பவருக்கு, மென்பொருள் மென்பொருளைச் சார்ந்து நிற்பது அந்நியமாகத் தோன்றுவதில்லை என்பதே நம் விடை.

லினக்ஸில் ஒரு மென்பொருளைக் கேட்டால், அதற்குத் தேவையான துணைப் பொதிகளையும் பொதி மேலாளரே கொண்டுவந்து சேர்க்கும். டெபியனில், எந்தெந்த வசதிகளுடன் கட்டமைப்பது என்பதைப் பொதியைப் பேணுபவர் முன்பே முடிவு செய்துவிடுகிறார். நாம் பயன்படுத்தும் ஜென்டூவில் போர்ட்டேஜ் அம்முடிவை நம்மிடமே விடுகிறது. மூலநிரலிலிருந்து தொகுக்கும்போது 'யூஸ்' என்னும் விருப்பக்குறிகளால் வேண்டியதைச் சேர்க்கலாம். முன்னே கழித்தல் குறியிட்டு வேண்டாததை விலக்கலாம். விம் என்னும் உரைதிருத்திக்கு மட்டுமே பைத்தான், ரூபி, லுவா என்று பல குறிகள். ஒன்றுக்கு இசைந்தால் அதன் சுற்றமும் உடன் வரும். இவற்றை விலக்குவதால் மிச்சமாகும் இடம் அற்பம். தொகுப்பதற்குச் செலவாகும் நேரமோ அதிகம்.

ஆயினும் அக்கழித்தல் குறியின் பொருளை 2024 மார்ச் மாதம் உணர்த்தியது. எக்ஸ்இசட் என்னும் கோப்புச் சுருக்க மென்பொருளின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் பின்கதவு ஒன்று வெளிப்பட்டது. ஜியா டான் என்ற பெயரில் ஈராண்டுகளுக்கு மேல் உதவி, நம்பிக்கை பெற்றவரின் வேலை அது. இலக்கு, தொலைவிலிருந்து கணினிக்குள் நுழைய உதவும் ஓபன்எஸ்எஸ்எச். அதுவோ எக்ஸ்இசட்டைச் சார்ந்ததே அன்று. சேவை தொடங்கிவிட்டதை சிஸ்டம்டிக்கு அறிவிக்கும் சிறு வசதிக்காக டெபியன், ஃபெடோரா முதலிய வழங்கல்கள் அதில் ஓர் ஒட்டுப் போட்டிருந்தன. அதற்காக லிப்சிஸ்டம்டி வந்தது. அதன் பின்னே எக்ஸ்இசட் வந்தது. உள்நுழைவில் நேர்ந்த அரை நொடித் தாமதத்தைத் துருவிச் சென்ற ஆந்த்ரேஸ் ஃப்ராய்ண்ட் இதைக் கண்டறிந்தார். ஜென்டூ அவ்வொட்டைப் போடவில்லை. ஆகவே பழுதான பதிப்பு வந்திருந்தும் அவ்வழியில் செயற்பட இயலவில்லை.

இதைக் கொண்டு பெருமைப்பட நமக்கு ஏதுமில்லை. எக்ஸ்இசட்டையே விலக்கிவிட முடியாது. மூலநிரற் பொதிகள் பலவும் அவ்வடிவிலேதான் வருகின்றன. அதை நெடுங்காலம் ஊதியமின்றி ஏறத்தாழத் தனியொருவராய்ப் பேணிவந்தவர் லாசே காலின். அந்தத் தனிமையின் வழியேதான் அயலார் உள்ளே வந்தார். நம் கணினிகள் அவரைச் சார்ந்திருந்தன. அவர் சாய்ந்துகொள்ள எவருமில்லை. வேண்டாதவற்றைக் கழித்த பின் எஞ்சுபவற்றுக்கு நாம் என்ன செய்கிறோம் என்பதே மீதமுள்ள கேள்வி.