நாற்பது கிலோ பாடம்

1995-ம் வருஷம் நான் யமஹா ஆர்.எக்ஸ். 100 வாங்குவதற்காகப் பணம் சேர்த்துக்கொண்டிருந்தேன். சென்னையில் ஓர் ஆபீஸில் கணக்கெழுதும் வேலை. மத்தியானம் தயிர்சாதம், சாயங்கால டீ கட், சினிமா கட் என்று ஒன்றரை வருஷ விரதம். என்ன கலர் என்பதுகூட முடிவாகிவிட்டது. பில்லியனில் யார் என்பதுதான் பாக்கி.

அப்போதுதான் சங்ககிரியிலிருந்து அப்பா போன் செய்தார். அப்பா எஸ்.டி.டி. போட்டால் ஒன்று சாவு, இல்லாவிட்டால் லாரி.

லாரிதான்.

எங்களுடையது ஒரே ஒரு பழைய ஆறு சிலிண்டர் வண்டி. அண்ணன்தான் டிரைவர். ஈரோட்டில் மஞ்சள் ஏற்றிக்கொண்டு பெங்களூருக்குப் போனவன், தொப்பூர் கணவாய் ஏற்றத்தில் மாட்டிக்கொண்டான். இன்ஜின் கத்துகிறது, வண்டி நகரவில்லை. கிளட்ச் எரிந்து நாற்றம். பின்சக்கரத்துக்குக் கல் வைத்துவிட்டு, கிளீனரும் அவனும் விடிய விடிய உட்கார்ந்திருக்கிறார்கள். ஒரே வருஷத்தில் அது மூன்றாவது கிளட்ச் பிளேட்.

சனிக்கிழமை ராத்திரி பஸ் பிடித்து ஊருக்குப் போனேன். பட்டறையில் கியர் பாக்ஸை இறக்கி வைத்திருந்தார்கள். மேஸ்திரி டார்ச் அடித்துக் காட்டினார்.

"பிளேட்டு மேல தப்பில்லீங்க தம்பி. ஃபிளைவீல் போயிருச்சு. ஓதம் அடிச்ச சுவத்துல எத்தனை தடவை வெள்ளையடிச்சா என்னுங்க?"

ஃபிளைவீல் என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்கு (அன்றைக்கு நானும் அந்தக் கட்சிதான்): குயவர் சக்கரம் பார்த்திருப்பீர்கள். கோலால் நாலு சுற்றுச் சுற்றிவிட்டுக் கையை எடுத்துவிடுவார். சக்கரம் தன் கனத்தாலேயே சுற்றிக்கொண்டிருக்கும். அதே சங்கதிதான். இன்ஜினில் டீசல் வெடித்து வெடித்துத்தான் சக்தி வருகிறது. ஆறு சிலிண்டரில் சுற்றுக்கு மூன்று வெடி. ஒரு வெடிக்கும் அடுத்த வெடிக்கும் நடுவில் இன்ஜின் தள்ளாடாமல் பார்த்துக்கொள்வது, கிராங்க் ஷாஃப்ட்டின் பின்பக்கம் போல்ட் போட்ட இந்த வார்ப்பிரும்புச் சக்கரம். இதன் முகத்தில்தான் கிளட்ச் பிளேட் ஒட்டுகிறது. இதன் விளிம்பில் இருக்கும் ரிங் கியரைக் கடித்துத்தான் செல்ஃப் மோட்டார் வண்டியைக் கிளப்புகிறது.

எங்கள் ஃபிளைவீலின் முகத்தில் அங்கங்கே நீலத் திட்டுகள். சூட்டில் இரும்பு இறுகிப்போன இடங்கள். நடுநடுவே மயிரிழைக் கோடுகள்.

"லேத்தில் கொடுத்துச் சீவிடலாமே?" என்றேன், செலவைக் குறைக்கும் கணக்கர் புத்தியோடு.

"ரெண்டு தடவை சீவியாச்சுங்க. இதுக்கு மேல சீவினா கனம் பத்தாது. இரும்பு மெலிஞ்சா சீக்கிரம் சூடேறும், சீக்கிரம் வெடிக்கும்."

பிறகு ரிங் கியரைக் காட்டினார். சுற்றிலும் பல் நன்றாக இருக்க, மூன்று இடத்தில் மட்டும் தேய்ந்திருந்தது. ஆறு சிலிண்டர் இன்ஜினை அணைத்தால், அது கிட்டத்தட்ட மூன்று இடங்களில் ஏதாவது ஒன்றில்தான் வந்து நிற்குமாம். செல்ஃப் மோட்டார் அந்த இடத்தையே கடித்துக் கடித்துப் பல் போகிறது. நாலு சிலிண்டர் என்றால் இரண்டு இடம்.

"பல்லு மட்டும்தான் கோளாறுன்னா, வளையத்தைச் சூடு பண்ணிக் கழட்டி, கொஞ்சம் தள்ளி ஏத்திக்கலாமுங்க. இங்க முகமும் போச்சே!"

புதுசு விலை என் மூன்று மாதச் சம்பளம். அப்பா பேசவில்லை. ஃபைனான்ஸில் இரண்டு தவணை பாக்கி. அவர் பேசாமல் இருந்தால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும்.

"புதுப்பேட்டையில் பழசு கிடைக்கும்ப்பா. நான் பாத்துக்கறேன்" என்றேன் பெரிய மனுஷன் தோரணையில்.

மேஸ்திரி ஒரு பில்லின் பின்பக்கம் ஜாதகம் எழுதிக் கொடுத்தார். வெளிவட்டம் எத்தனை மில்லிமீட்டர், போல்ட் ஓட்டை எத்தனை, முகம் தட்டையா குழிவா, ரிங் கியரில் எத்தனை பல். "பல்லை மட்டும் எண்ணாம வந்துராதீங்க தம்பி. ஒண்ணு மாறினாலும் செல்ஃப் சேராது."

புதுப்பேட்டையில் நான் பல் எண்ணிய கதை தனி. எழுபது வரைக்கும் வந்திருப்பேன், டீக்காரப் பையன் "ஒண்ணா ரெண்டா சார்?" என்பான். முதலிலிருந்து ஒன்று, இரண்டு... கடைசியில் ஒரு கடைக்காரரே பரிதாபப்பட்டு, முதல் பல்லில் சாக்பீஸால் கோடு போட்டுக் கொடுத்தார்.

ஒரு கடையில் "இது வெயிட் கம்மி சார், பிக்கப் பறக்கும்" என்றார்கள். அந்த வலையில் மட்டும் நான் விழவில்லை. மேஸ்திரி முன்பே சொல்லியிருந்தார். லேசான சக்கரம் சட்டென்று வேகமெடுக்கும், சட்டென்று ஓய்ந்தும்விடும். பத்து டன் லோடோடு மேட்டில் கிளட்ச்சை விட்டால் இன்ஜின் விக்கி நின்றுவிடும். பந்தயக் காருக்கு அழகு, மஞ்சள் லாரிக்கு ஆபத்து.

கடைசியில் ஒன்று அமைந்தது. பத்துப் பொருத்தமும் சரி. வெள்ளி பெயின்ட் அடித்து மாப்பிள்ளை மாதிரி மின்னியது. புதுசின் விலையில் ஆறில் ஒரு பங்கு! அதாவது என் சம்பளத்தில் பாதி. சாக்கில் கட்டி பஸ்ஸில் ஏற்றினேன். நாற்பது கிலோவுக்குக் குறையாது.

"என்ன சார் இது, ஆட்டுக்கல்லா?" என்றார் கண்டக்டர்.

"லாரி பார்ட்ஸ்."

"அப்ப லாரியிலேயே போயிருக்கலாமே" என்று லக்கேஜ் டிக்கெட்டைக் கிழித்தார்.

பட்டறையில் மேஸ்திரி அளவெல்லாம் பார்த்தார். தலையாட்டினார். பிறகு கயிறு கட்டி உத்தரத்தில் தொங்கவிட்டு, ஸ்பேனரால் ஒரு தட்டு. சந்தையில் பானை வாங்கும் பெண்கள் தட்டிப் பார்ப்பார்களே, அதே மாதிரி. "ணங்" என்று வரவேண்டியது "டொக்" என்றது.

அவர் முகம் மாறியது. பெயின்ட்டைச் சுரண்டி, மண்ணெண்ணெயில் நனைத்து ஊறவைத்தார். நன்றாகத் துடைத்து, சாக்பீஸ் தூளைத் தூவினார். வேறொன்றும் செய்யவில்லை, பீடி பற்றவைத்துக்கொண்டு காத்திருந்தார். கொஞ்ச நேரத்தில் வெள்ளைத் தூளுக்கு நடுவே ஈரமாக ஒரு கோடு எழும்பியது. விரிசலுக்குள் போயிருந்த மண்ணெண்ணெய் வெளியே வருகிறது. போல்ட் ஓட்டையில் தொடங்கி, விளிம்பை நோக்கி விரல் நீளம்.

"சின்னக் கோடுதானே?" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை.

அவர் பதில் சொல்லாமல் கேபின் தரையைக் காட்டினார். பெல் ஹவுஸிங்குக்கு நேர் மேலே, அண்ணன் கால் வைக்கிற இடம்.

நான் கணக்கன். அன்று ராத்திரி உட்கார்ந்து கணக்குப் போட்டேன். சக்கரத்தின் குறுக்களவு 400 மில்லிமீட்டர், இன்ஜின் நிமிஷத்துக்கு 2,400 சுற்று என்றால் விளிம்பின் வேகம் மணிக்குச் சுமார் 180 கிலோமீட்டர். கணவாய் இறக்கத்தில் சின்ன கியரில் வண்டி இன்ஜினைத் தள்ளிக்கொண்டு போனால் சுற்று இன்னும் ஏறும். சுற்று இரண்டு மடங்கானால் சக்கரத்தைப் பிய்க்கிற விசை நாலு மடங்கு. அதற்கும் அண்ணன் காலுக்கும் நடுவே ஒரு வார்ப்பு மூடி, ஒரு தகரம், ஒரு ஹவாய் செருப்பு.

காலையில் "இதை எடைக்குப் போட்டுடலாம்" என்றேன்.

"வேண்டாமுங்க. மறுபடி எவனாவது பெயின்ட் அடிச்சு வித்துருவான்" என்று சம்மட்டியை என் கையில் கொடுத்தார். மூன்றாவது அடியில் அந்தக் கோட்டிலேயே பிளந்தது. பாதிச் சம்பளம் இரண்டு துண்டாய்க் கிடந்தது. ஆனால் அந்த "டமார்" என் மனசுக்கு என்னமோ நிம்மதியாக இருந்தது.

சென்னைக்குத் திரும்பி பாங்க்கில் ஆர்.எக்ஸ். 100-ஐ எடுத்தேன், புது ஃபிளைவீலாக மாற்றினேன். மேஸ்திரி அதன் மேலிருந்த துருக்காப்பு எண்ணெயைப் பிசுக்கில்லாமல் துடைத்தார். புது போல்ட், புது பைலட் பேரிங், புது பிளேட். எதிரெதிர் போல்ட்டாக முறுக்கி, முகம் ஆடுகிறதா என்று டயல் கேஜ் வைத்துப் பார்த்தபின்தான் கியர் பாக்ஸை ஏற்றினார்.

அடுத்த வாரம் ஆபீஸுக்கு போன். தர்மபுரியில் ஏதோ பூத்திலிருந்து அண்ணன்.

"டேய், தொப்பூர் ஏறிட்டேன்டா. நாத்தமே இல்ல." கொஞ்சம் தயங்கினான். "உன் பைக்கு...?"

"கலர் பிடிக்கலேண்ணா" என்றேன்.

மறுபடி பணம் சேர்ப்பதற்குள் 1996-ல் அந்த மாடல் தயாரிப்பே நின்றுபோனது. இன்றைக்கும் ரோட்டில் ஓர் ஆர்.எக்ஸ். 100 சத்தம் கேட்டால் திரும்பிப் பார்ப்பேன். ஆனால் கடையில் எது வாங்கினாலும், பெயின்ட்டைப் பார்ப்பதில்லை. முதலில் ஒரு தட்டுத் தட்டிப் பார்த்துவிடுகிறேன்.