பக்கத்துக் கிணறு

வேப்பந்தட்டைப் பக்கம் விவசாயம் பார்த்தவர்களுக்கு ஒரு விஷயத்தை விளக்க வேண்டியதில்லை. பக்கத்துக் காட்டில் ஆழமாக போர் போட்டால் நம் கிணற்றில் ஊற்று குறையும். எங்கள் கிணறு அப்படித்தான் வற்றியது. சின்ன வெங்காயம் போட்ட நிலத்தில் மானாவாரி மக்காச்சோளம் வந்தது. கருந்துளை இரட்டை என்றால் என்னவென்று அப்பாவுக்குச் சொல்ல எனக்கு இதைவிட நல்ல உவமை கிடைக்கவில்லை.

நான் ஆய்வு செய்யும் ஜிஆர்எஸ் 1915+105 கழுகு மண்டலத்தில், அதாவது திருவோணம் இருக்கும் பக்கத்தில் இருக்கிறது. கருந்துளைக்கு எடை சுமார் 12 சூரியன். துணை விண்மீனுக்கு ஒரு சூரியன் எடைகூட இல்லை. இரண்டும் ஏறத்தாழ 34 நாளுக்கு ஒருமுறை ஒன்றையொன்று சுற்றுகின்றன. துணையின் வாயுவைக் கருந்துளை இழுத்துக்கொண்டே இருக்கிறது.

"வெளிச்சமே வராதுங்கிற. அப்புறம் எதப் பாத்துப் படிக்கிற?" என்றார் அப்பா.

உள்ளே விழுவதற்கு முன் அந்த வாயு தட்டுபோலச் சுழல்கிறது. உராய்வில் கோடி டிகிரி வரை சூடேறி எக்ஸ் கதிர்களை வீசுகிறது. நம் காற்று மண்டலம் அவற்றைத் தரைக்கு விடாது. அதனால்தான் 2015 செப்டம்பர் 28 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து அஸ்ட்ரோசாட் 650 கி.மீ. உயரத்துக்குப் போனது. அதில் மும்பை டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம் செய்த லேக்ஸ்பிசி என்ற கருவி இருக்கிறது. அது படம் எடுப்பதில்லை. எக்ஸ் கதிர்த் துகள் ஒவ்வொன்றும் வந்து சேர்ந்த நேரத்தை நொடியில் லட்சத்தில் ஒரு பங்கு துல்லியத்தில் குறித்துவைக்கிறது. அந்தப் பட்டியலை வரைபடமாக்கினால் சில நாள்களில் இதயத்துடிப்பு போலவே தெரியும். ஏறத்தாழ நிமிடத்துக்கு ஒருமுறை ஏறி இறங்கும்.

"முழுங்குனது திரும்ப வருமா?"

"வராதுப்பா. ஆனா உள்ள போகாத கொஞ்சம் ரெண்டு பக்கமும் பீச்சியடிக்கும். 1994ல பாத்தாங்க. கிட்டத்தட்ட ஒளி வேகம்."

"நமக்கு அந்தக் கொஞ்சங்கூட வரலையே" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

1992இல் கண்டுபிடிக்கப்பட்டதிலிருந்து கால் நூற்றாண்டு பிரகாசமாக இருந்த அது, 2018இல் மங்கத் தொடங்கியது. அடர்ந்த வாயு குறுக்கே மறைப்பதும் ஒரு காரணம் என்கிறார்கள். இப்போது என் வேலையில் பாதி பழைய தரவுகளைத் திரும்பத் திரும்பப் பார்ப்பதுதான்.

கட்டுரைகளில் கருந்துளைதான் கதாநாயகன். துணை விண்மீனுக்கு ஒரு பத்தி கிடைத்தால் அதிகம். ஆனால் கருந்துளையின் எடை முதன்முதலாகத் தெரியவந்தது அந்தத் துணையால்தான். அது முன்னும் பின்னும் ஆடும் வேகத்தை அகச்சிவப்பு ஒளியில் அளந்து, தன்னை இழுப்பவன் எவ்வளவு கனம் என்று 2001இல் கணக்கிட்டார்கள். இதையும் அப்பாவிடம் சொன்னேன்.

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "அப்ப சாட்சி இன்னும் உசுரோட இருக்குல்ல" என்றார்.