செம்புத் தகட்டில் ஓர் அரசிலை

1/ "டாக்டர், டூட்டி இல்லாத நாள்ல என்ன பண்ணுவீங்க?"ன்னு நிறைய பேர் கேட்டிருக்கீங்க. செம்புத் தகட்டில் இலைப் படம் எடுப்பேன். பெயிண்ட் கிடையாது. வினிகர், உப்பு, ஓர் அரசிலை போதும். செய்முறையோட ஒரு எச்சரிக்கையும் இருக்கு, முழுசா படிங்க.

2/ தகட்டைப் புளியும் உப்பும் போட்டுத் தேய்ச்சுக் கழுவுங்க. கை எண்ணெய் பட்ட இடத்தில் நிறம் சரியா ஏறாது, கையுறை போடுங்க. வினிகரில் உப்பைக் கரைச்சு, இலையை நனைச்சு, நரம்பு புடைச்ச பக்கம் தகட்டில் படும்படி ஒட்டுங்க. மூடிய டப்பாவில் ஒன்றிரண்டு நாள் விடுங்க.

3/ அமிலம், உப்பு, காற்றிலுள்ள ஆக்சிஜன் எல்லாம் சேர்ந்து செம்பை அரிக்கும். ஈரம் தங்கின இடத்தில் பச்சையும் நீலமுமா செம்பு உப்புகள் படியும். அதனால எந்த இரண்டு தகடும் ஒரே மாதிரி வராது. நியூயார்க் சுதந்திர தேவி சிலையும் 1886இல் திறந்தப்போ செம்பு நிறம்தான். பச்சையாக மாறப் பல வருஷம் ஆச்சு!

4/ வார்டில் எல்லாமே நிமிஷக் கணக்கு. இங்கே அவசரப்பட்டு இலையைத் தூக்கிப் பார்த்தா படம் கலைஞ்சிடும். எனக்கு இந்தக் காத்திருப்புதான் ஓய்வு.

5/ இப்போ எச்சரிக்கை. மயில்துத்தம் தெரியும்ல? அதுவும் செம்பு உப்புதான். அதை விழுங்கிட்டு நீலப்பச்சை வாந்தியோட வருவாங்க. சிவப்பணுக்கள் உடைஞ்சு சிறுநீரகம் செயலிழக்கும், உயிரே போகலாம். தகட்டில் இருக்கிற அழகான நிறமும் அதே குடும்பம்.

6/ அதனால:
- தட்டு, டம்ளர், தண்ணி பாட்டிலில் இதைச் செய்யாதீங்க. மேலே வார்னிஷ் அடிச்சாலும் வேண்டாம்.
- சமையல் பாத்திரத்தில் தகட்டை ஊறப்போடாதீங்க.
- நீலம் வர அம்மோனியா வைக்கிறவங்க மொட்டை மாடியில் வைங்க.
- பிளீச்சிங் பவுடரை வினிகரோடவோ அம்மோனியாவோடவோ சேர்க்கவே கூடாது. விஷவாயு வரும்.
- காய்ஞ்ச பச்சைத் தூளைத் தட்டும்போது மாஸ்க் அவசியம்.
- குழந்தைகள் கைக்கு எட்டக் கூடாது.

7/ வீட்டுச் செம்புக் குடத்துக்குள்ள பச்சை தெரிஞ்சா? அதுவும் இதேதான். நல்லா தேய்ச்சுக் கழுவின பிறகுதான் தண்ணி ஊத்தணும். மோர், எலுமிச்சை ஜூஸ், ரசம் இதெல்லாம் செம்பில் வேண்டாம். பாத்திரத்துக்கு உள்ளே ஈயம் பூசினது இதுக்காகத்தான். வில்சன் நோய் உள்ளவங்க உடம்பில் செம்பு வெளியேறாம ஈரல்லயும் மூளையிலும் தங்கிடும். அவங்க செம்புப் பாத்திரத்தையே தவிர்க்கணும்.

8/ மத்தபடி பயப்படாம செஞ்சு பாருங்க. காய்ஞ்சதும் வார்னிஷ் அடிச்சுச் சுவரில் மாட்டுங்க. வேப்பிலை, பெரணி, முருங்கை... எது நல்லா வந்துச்சுன்னு சொல்லுங்க. எனக்கு இதுவரைக்கும் அரசிலைதான்.